பத்தொன்பது நிமிடம்

டிப்போவில் அவளை எல்லோரும் நெட்டையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சுரங்க ரயில் ஓட்டுபவர்களில் கேபினுக்குள் குனிந்து நுழையும் ஒரே ஆள் அவள். பதினோரு வருஷமாக ஒரே வழித்தடம், பதினேழு நிலையங்கள். வீட்டில் தையல்காரக் கணவர், கல்லூரிக்குப் போகும் மகள். கணவரின் தம்பி, அதாவது அவளுடைய கொழுந்தன், கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்த்தான். எந்த வண்டி எங்கே நிற்கிறது, எந்தப் பகுதிக்குக் கரண்ட் போகிறது என்பதெல்லாம் அவன் மேசையில்தான்.

இருவருக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. ஒருநாள் அவள் வண்டி நடைமேடையைத் தாண்டி ஒரு கதவு அளவுக்குத் தள்ளி நின்றுவிட்டது. அவன் பார்த்ததை அப்படியே எழுதி மேலே அனுப்பினான். ஒரு மாதம் அவளை வண்டியிலிருந்து இறக்கி டிக்கெட் கவுன்டரில் உட்கார வைத்தார்கள். "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்று அவள் கேட்க, "வேலையில அண்ணி, தம்பியெல்லாம் கிடையாது" என்று அவன் சொல்ல, அதோடு உறவு முறிந்தது. வயர்லெஸ்ஸில் மட்டும் அவள் அவனுக்கு வெறும் வண்டி நம்பர் 'நாப்பத்தொண்ணு', அவன் அவளுக்கு 'கண்ட்ரோல்'. நடுவில் மாட்டிக்கொண்ட கணவர் முழி பிதுங்கினார்.

அன்று காலை எட்டரை மணி. ஆறு பெட்டியிலும் எள் போட்டால் விழாத கூட்டம். எட்டாவது நிலையத்தை விட்டுக் கிளம்பி, சுரங்கம் வளையும் இடத்துக்கு வந்தபோது காலடியில் 'டப்' என்று ஒரு சத்தம். விளக்குகள் அணைந்து, பேட்டரி விளக்குகள் மட்டும் மங்கலாக எரிந்தன. வண்டி தானாக உருண்டு நின்றது.

"கண்ட்ரோல், நாப்பத்தொண்ணு. கரண்ட் போயிடுச்சு."

"தெரியுது. பாத்துக்கிட்டிருக்கோம். அஞ்சு நிமிஷத்துல திரும்ப விடுவோம். பயணிகளை உள்ளயே வச்சிருங்க."

ஒலிபெருக்கியில் பயணிகளுக்கு அதையே சொன்னாள். பின்னாலிருந்து கசமுசா சத்தம். கரண்ட் போனதோடு காற்றும் நின்றுவிட்டது. மூன்றாவது நிமிடம், அவளுக்கு முன்னால் இருந்த பலகையில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. ஆறாவது பெட்டி, வலது பக்கக் கதவு. யாரோ அவசரக் கைப்பிடியை இழுத்துத் திறந்துவிட்டார்கள்.

வண்டி ஓடும் தண்டவாளங்கள் இரண்டுக்கும் பக்கத்தில் மூன்றாவதாக ஒன்று போகும். வண்டிக்கு வேண்டிய கரண்ட் முழுவதும் அதில்தான். அது வலது பக்கம்தான் இருந்தது. இப்போது அது செத்துக் கிடக்கிறது. இன்னும் இரண்டு நிமிடத்தில் கொழுந்தன் ஒரு பொத்தானை அமுக்கினால் உயிர் வந்துவிடும்.

வயர்லெஸ்ஸைப் பிடித்தாள். "கண்ட்ரோல், கடைசிப் பெட்டியில கதவு திறந்திருக்கு. ஆளுங்க கீழ இறங்கியிருக்கலாம். நான் போய்ப் பாக்கறேன். திரும்பி வந்து நானே சொல்ற வரைக்கும் கரண்டை விடாதே!"

பதில் இல்லை. இரைச்சல்தான் வந்தது. மறுபடி சொன்னாள். மறுபடியும் இரைச்சல். கையில் எடுத்துப்போகும் கருவி சுரங்கத்தின் இந்த வளைவில் எப்போதுமே வேலை செய்யாது. கேபினை விட்டால் அவனோடு பேச வழியில்லை. அனுமதி இல்லாமல் கேபினை விட்டு இறங்கக் கூடாது என்பது விதி. டார்ச்சை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

"வழி விடுங்க, வழி விடுங்க" என்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனாள். "நாங்க என்ன ஆளுங்களா, மூட்டைங்களா?" என்று ஒருவர் கத்தினார். யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். நின்று பதில் சொல்ல நேரமில்லை. ஐந்தாவது பெட்டியிலேயே கருகல் வாடை மூக்கைத் துளைத்தது. ஆறாவதில் புகை. அடியில் ஏதோ எரிந்திருக்கிறது. பயணிகள் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு திறந்த கதவுப் பக்கம் முண்டிக்கொண்டிருந்தார்கள். கதவருகில் ஒரு பருமனான நர்ஸம்மா இரண்டு கையையும் விரித்து வழியை மறித்து நின்றாள்.

"நாலு பேரு இறங்கிட்டாங்க மேடம். அதுக்கு மேல நான் விடல."

"அப்படியே நில்லுங்க. யாரையும் விடாதீங்க."

டார்ச் வெளிச்சத்தில் நால்வரும் தெரிந்தார்கள். வந்த வழியே எட்டாவது நிலையத்துக்கு நடந்துகொண்டிருந்தார்கள். முன்னால் போனவர், கல்லில் நடக்கக் கஷ்டமாக இருந்ததோ என்னவோ, மூன்றாவது தண்டவாளத்தின் மேல்மூடியைப் பலகைபோல் மிதித்துக்கொண்டு போனார். ஒரு கால் சறுக்கினால் போதும்.

கத்தினால் மிரண்டு விழுவார். இங்கிருந்து சாதாரணமாகப் பேசினால் கேட்காது. இறங்கித்தான் ஆக வேண்டும். தான் சொன்னது அவனுக்குக் கேட்டதா இல்லையா என்று அவளுக்குத் தெரியாது. கேட்டிருந்தாலும் தன் பேச்சை அவன் மதிப்பானா? படியில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டாள். மகளை ஒருமுறை நினைத்துக்கொண்டு குதித்தாள்.

விறுவிறுவென்று நடந்து அவர்களை நெருங்கியதும், பக்கத்து வீட்டுக்காரரோடு பேசுவதுபோல் சொன்னாள். "சார், அப்படியே நில்லுங்க. மெதுவா என் பக்கம் காலை எடுத்து வைங்க. ஆங், அவ்வளவுதான்."

"கரண்ட்தான் இல்லையே?" என்றார் அவர்.

"வரும்போது சொல்லிட்டு வராது சார்."

அப்போதுதான் தன் காலடியைக் குனிந்து பார்த்தார். முகம் வெளுத்துப்போயிற்று. நால்வரையும் சுரங்கச் சுவரைத் தொட்டுக்கொண்டே திரும்பி வரச் செய்தாள். வரும் வழியில் ஒரு பெண்ணுக்குக் கணுக்கால் பிசகியது. அவளைத் தோளில் தாங்கி, கதவு வரைக்கும் கொண்டுவந்து மேலே தூக்கிவிட்டாள். நர்ஸம்மா உள்ளிருந்து இழுத்துக்கொண்டாள். எல்லோரும் ஏறிய பிறகு அவள் கடைசியாக ஏறிக் கதவைப் பூட்டினாள். அந்தப் பெட்டிக்கான மின் இணைப்பைத் துண்டித்து, ஆட்களை மற்ற பெட்டிகளுக்குத் தள்ளிவிட்டு, கூட்டத்தில் நீந்திக் கேபினுக்குத் திரும்பினாள்.

"கண்ட்ரோல், எல்லாரும் உள்ள வந்துட்டாங்க. கதவு பூட்டியாச்சு."

இந்தமுறை குரல் தெளிவாக வந்தது. "எண்ணிப் பாத்தீங்களா, அண்ணி?"

"பாத்தேன். நாலு பேரு, என்னோட அஞ்சு."

"இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னாள். விளக்குகள் எரிந்தன. கரண்ட் போய்ப் பத்தொன்பது நிமிடம் ஆகியிருந்தது.

கட்டுப்பாட்டு அறையில் நடந்ததை அவனோடு வேலை பார்ப்பவர்கள்தான் பிறகு அவளிடம் சொன்னார்கள். ஐந்தாவது நிமிடமே தலைமை அதிகாரி வந்து நின்றிருக்கிறார். முன்னும் பின்னும் ஒன்பது வண்டிகள் முடங்கிக் கிடக்கின்றன. "போடுய்யா கரண்டை" என்றிருக்கிறார். இவன் கரண்ட் விடும் பலகையின் சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டானாம்.

"அண்ணி சொல்லட்டும் சார்."

"எந்த அண்ணிய்யா? இது ஆபீஸா, உங்க வீடா?"

"நாப்பத்தொண்ணாம் வண்டி சார்."

அதற்கப்புறம் அதிகாரி வேலையைப் பறித்துவிடுவேன் என்று குதித்திருக்கிறார். இவன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

விசாரணை இரண்டு வாரம் நடந்தது. கேபினை விட்டுப் போனதற்கு அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம். மேலதிகாரி பேச்சை மீறியதற்கு அவனுக்கு ஒன்று. நர்ஸம்மாவும் கணுக்கால் பிசகிய பெண்ணும் வந்து சாட்சி சொன்னதால் அதற்கு மேல் போகவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொழுந்தன் வீட்டுக்கு வந்தான். கணவர் கையிலிருந்த கத்தரிக்கோலை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். தம்பிக்குச் சாப்பாடு போட்டுவிட்டு அவள் எதிரில் உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு நான் சொன்னது உனக்குக் கேட்டுச்சா?"

"முழுசாக் கேக்கல. ஒரே இரைச்சல். 'விடாதே'ன்னு ஒண்ணு மட்டும்தான் காதுல விழுந்துச்சு. உங்க குரல்னு தெரிஞ்சுது."

"அதை வச்சா பத்தொன்பது நிமிஷம் பிடிச்சு வச்சிருந்தே?"

"வேற என்ன செய்யச் சொல்றீங்க?" என்றான், சோற்றைப் பிசைந்தபடி.

அவள் குழம்புக் கிண்ணத்தை எடுத்தாள். இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள். வேண்டாம் என்று அவன் கையை நீட்டித் தடுத்தும் ஊற்றினாள்.

திங்கட்கிழமை முதல் வண்டியே அவளுக்கு. அந்த வளைவு வந்தபோது உள்ளங்கை வியர்த்தது. கையைச் சேலை முந்தானையில் துடைப்பதுபோல் சீருடையில் துடைத்துக்கொண்டு, ஒன்பதாவது நிலையத்தில் வண்டியைச் சரியாகக் கோட்டில் நிறுத்தினாள்.