பெக்கான் நானாஸ் ஆர்டர்கள் எங்கே போயின?

"மேரி ஒரு வாரமா ஆர்டரே போடல. கேட்டா போட்டேன்னு சொல்லுது. பொய் சொல்ற ஆள வச்சிக்கிட்டு நான் என்னா செய்ய? திங்கக்கிழமையிலேருந்து வர வேணாம்னு சொல்லிட்டேன்."

கணினியைப் பார்க்கக் கூப்பிட்டார்கள் என்று உலு திராம் அலுவலகத்துக்குள் நான் கால் வைத்ததுமே பாஸ் இப்படித்தான் ஆரம்பித்தார். அவருக்கு அட்டைப்பெட்டி வியாபாரம். அன்னாசி ஆலைக்காரர்கள் பெக்கான் நானாஸ் கிளையில் ஆர்டர் கொடுப்பார்கள். கிளையில் இருக்கும் ஒரே கிராணி, அதாவது குமாஸ்தா, மேரி அதைக் கணினியில் ஏற்றுவார். லாரி உலு திராமிலிருந்து புறப்படும். இரண்டு இடத்திலும் தலா ஒரு சர்வர். அங்கே ஏற்றுவது இங்கே நகலாக வந்து சேர வேண்டும். ரெப்ளிகேஷன் என்போம். இப்போது எதுவும் வரவில்லை. பெட்டி கிடைக்காத ஆலைக்காரர்கள் போன் போட்டுத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

"கொஞ்சம் பொறுங்க பாஸ், சர்வரப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன்.

பார்த்தேன். இரண்டு அலுவலகத்தையும் இணைக்கும் விபிஎன் ஓடுகிறது. பிங் போட்டால் அந்தப் பக்கத்திலிருந்து பதில் வருகிறது. மென்பொருள் தன் லைசென்ஸ் செல்லும் என்கிறது. போக்குவரத்தைக் குறித்து வைக்கும் லாக் பதிவைத் திறந்தால், அனுப்பியாயிற்று, வந்து சேர்ந்தது என்று வரிக்கு வரி பச்சை. திரையில் மட்டும் ஆர்டர் இல்லை. ஒரு வரியாவது சிவப்பாக இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு போகலாம். எல்லாமே பச்சையாக இருந்தால் எதைப் பிடிப்பது?

ரீஸ்டார்ட் செய்தேன். மாற்றமில்லை. "சர்வர்ல யாராவது கை வச்சீங்களா?" என்று பாஸ் உட்பட எல்லாரையும் கேட்டேன்.

"அலமாக், அத நாங்க ஏண்ணே தொடப்போறோம்?" என்று பதறினார்கள் ஆபீஸ் பையன்கள்.

பாஸும் இல்லை என்று தலையாட்டினார். முகத்தில், நான்தான் சொன்னேனே என்ற களை.

காரை எடுத்துக்கொண்டு பெக்கான் நானாஸ் போனேன். மேரி மேசையைக் காலி செய்துகொண்டிருந்தார். அழுத முகம். "நீங்களே பாருங்கண்ணே" என்று திரையை என் பக்கம் திருப்பினார். ஆர்டர்கள் அத்தனையும் இருந்தன.

"போட்டத போடலன்னு சொல்றாரு. பிள்ளைங்க ரெண்டும் படிக்குதுங்க. இந்த ஊர்ல வேற எங்க வேலை தேடுவேன்?"

பாஸின் திரையில் ஆர்டர் இல்லாததும் உண்மை, இவர் திரையில் இருப்பதும் உண்மை. கோபம்கூட வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

கேபிளையாவது பார்ப்போம் என்று சர்வரின் பின்பக்கம் குனிந்தேன். லைசென்ஸ் டாங்கிள் செருகியிருந்தது. கட்டைவிரல் அளவு கறுப்புத் துண்டு. அது இல்லாமல் மென்பொருள் திறக்காது. அதன்மேல் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம்.

உலு திராமில் கால்குலேட்டர் முதல் லாரி வரை பொட்டு இல்லாத பொருளே கிடையாது. அங்கே பார்த்திருந்தால் கண்ணில் பட்டிருக்காது. இங்கே மேரியின் மேசையில் இருந்ததோ மாதா படம்.

"இங்க பூசை போட்டீங்களாம்மா?"

"நான் எங்கண்ணே பூசை போட? போன வாரம் ஆயுத பூசைக்குன்னு பாஸ்தான் வந்து கழட்டிட்டுப் போனாரு. சர்வரத் தூக்க முடியாது, அதான் இதுன்னாரு. ரெண்டு ஆபீஸ் சாமானையும் ஒண்ணா வச்சி கும்பிடணுமாம். மறுநாள் டிரைவர்கிட்ட குடுத்து விட்டாரு, நான் சொருகிட்டேன்."

சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. இரண்டு டாங்கிளும் அச்சு அசல் ஒன்றுபோல் இருக்கும். எது எந்த அலுவலகம் என்பது உள்ளேதான் பதிந்திருக்கிறது. பூசைத் தட்டில் இரண்டும் மாறிவிட்டன. உலு திராம் டாங்கிளைச் செருகியதும் இந்த சர்வர் தன்னை உலு திராம் என்று நம்பிவிட்டது. பெக்கான் நானாஸுக்கு நகல் அனுப்புகிறேன் என்று ஆர்டர்களைத் தனக்கே அனுப்பிக்கொண்டிருந்தது. சொந்த வீட்டுக்கே கடிதம் போட்டு, கிடைத்தது என்று கையெழுத்தும் போட்ட கதை. அங்கேயும் இதே கூத்துதான்.

"மேசையக் காலி பண்ணாதீங்கம்மா" என்று சொல்லிவிட்டு டாங்கிளோடு கிளம்பினேன்.

இரண்டும் அதனதன் இடத்துக்குத் திரும்பின. குழம்பிக் கிடந்த ஆர்டர் எண்களைச் சீர்செய்து ரெப்ளிகேஷனை ஓடவிட்டதும், பாஸின் திரையில் ஆர்டர்கள் வந்து விழுந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் மேரி அதை ஏற்றிய தேதி. பாஸ் ஒவ்வொரு தேதியாக விரல் வைத்துப் பார்த்தார்.

"நீயே மேரிகிட்ட சொல்லிடு குணா."

"வர வேணாம்னு நான் சொல்லலியே பாஸ்."

அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சர்வரில் யார் கை வைத்தது என்று கேட்காதீர்கள். சாமி கும்பிட்டதை யாரும் கை வைத்ததாக நினைப்பதில்லை. அன்று அவர்கள் சொன்னது பொய்யும் இல்லை. போன வாரம் அலுவலகத்தில் என்ன நடந்தது என்று கேளுங்கள். அதைக் கேட்டிருந்தால் அன்று எனக்கு அவ்வளவு குழப்பமும் இருந்திருக்காது, மேரிக்கு அந்த அழுகையும் இருந்திருக்காது.

அடுத்த ஆயுத பூசைக்கு பாஸே சந்தனக் கிண்ணத்தோடு பெக்கான் நானாஸ் வந்தார். நானும் கூடப் போயிருந்தேன். அவர் சர்வரின் பின்பக்கம் குனிந்தபோது மேரி எழுந்து பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

"பொட்டு வைங்க பாஸ். கழட்டாதீங்க."