ஃபிலெமோன் வீட்டுப் பங்கு

சான் மெல்ச்சோர் யத்தோனி என்கிற மலையூருக்கு அரசாங்கம் எதுவும் செய்ததில்லை. செய்யச் சொல்லி ஊர்க்காரர் யாரும் போய்க் கையேந்தியதும் இல்லை. மலையைக் குடைந்து வருகிற ரோடு, மாதா கோவில், பள்ளிக்கூடம், கல்லறைச் சுவர் எல்லாமே ஊர்க்காரர்கள் தங்கள் கையால் கட்டியவை. அவர்களில் பாதிப்பேருக்குக் கையெழுத்துப் போட வராது. படித்த எஞ்சினீயர் வந்து பார்த்துவிட்டு, இந்தப் பாலத்தை யார் போட்டது என்று வாயைப் பிளந்த ஊர் இது.

ஊருக்கு இப்படி உழைப்பதைத் தெக்கியோ என்பார்கள். கோவில் மணி அடித்தால் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்து நிற்க வேண்டும். வராத வீட்டின் பேர் வருஷக் கடைசியில் ஊர்க்கூட்டத்தில் பட்டியலிலிருந்து அடிபடும். பேர் போனால் குழாய்த் தண்ணீர் போச்சு, கல்லறையில் இடமும் போச்சு. கடுமைதான் என்று பட்டணத்துக்காரர்கள் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அவர்கள் தெருவில் பக்கத்து வீட்டுக்காரன் செத்தால் நாற்றம் வந்த பிறகுதான் தெரியும்.

அந்த வருஷம் அடிபட இருந்த பேர் ஃபிலெமோனுடையது. ஆள் எல்லை தாண்டி வடக்கே போய்க் கூரை வேலை பார்த்துக்கொண்டிருந்தான். முதலில் தன் பங்குக்கு ஊரிலேயே கூலி கொடுத்து வேறு ஆளை நிறுத்தினான். பிறகு அதுவும் நின்றது, போனும் குறைந்தது. மனைவி ஒப்துலியாவுக்கு முழங்கால் மடங்காது. மிச்சம் இருந்தது ஒரே மகள் செனைடா. நடுநிலைப்பள்ளியில் இரண்டாம் வருஷம். கணக்கில் கெட்டி, வாயில் அதைவிடக் கெட்டி.

பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்திருந்த மரிசெலா டீச்சர் பட்டணத்துக்காரி. நல்ல பெண்தான், ஆனால் செருப்பைப் பார்த்தாலே மலை ஏறாத கால் என்று தெரியும். வந்த மாதமே பிள்ளைகளை உட்காரவைத்துச் சொன்னாள்.

"ஊருக்கு ஒரு வேலை செய்யுங்க. அதோட உங்களால முடியாதுன்னு நெனைக்கிற ஒண்ணை நீங்களே எடுத்து முடிச்சுக் காட்டுங்க. ரெண்டும் சேர்ந்ததுதான் இந்த வருஷத்து ப்ராஜெக்ட்."

ஊருக்கான வேலை எல்லாருக்கும் ஒன்றுதான். மேல் ஊற்றிலிருந்து பள்ளிக்கூடத்தைத் தாண்டிக் கீழ்த்தெருவுக்குப் புதுக் குழாய் வரவேண்டியிருந்தது. அதற்குப் பள்ளம் வெட்டுவது. தனக்கென்று எடுத்த சவாலில் ஒருத்தன் மணிக்கூண்டில் ஏறுவேன் என்றான், ஒருத்தி ஊர் பாண்டு வாத்தியத்தோடு தனியாகப் பாடுவேன் என்றாள். செனைடா எழுந்து, "ஆம்பளைங்களுக்குக் கயிறு போட்டு அளந்து விடுறாங்கல்ல, அந்த முழுப் பங்கையும் நான் ஒருத்தியா வெட்டறேன்" என்றாள்.

ருத்திலியோ என்கிற பையன் சிரித்தான். "உன் கை இருக்கிற லட்சணத்துக்குத் தோசைக்கல்லுல ரொட்டி திருப்பலாம்."

"உங்கம்மாதான இன்னும் உனக்கு ரொட்டி பிச்சு வாயில வைக்கிறாங்க? மூடிக்கிட்டு வெட்டு" என்றாள் செனைடா.

அவள் எதற்காக முழுப் பங்கு கேட்டாள் என்பது டீச்சருக்குத் தெரியாது. ஊர் பார்த்துக்கொண்டிருக்கிறது, ஃபிலெமோன் வீட்டு ஆள் ஓர் ஆம்பளைப் பங்கு வெட்டினாள் என்று அப்பா பேரில் ஏறிவிடும் என்று அவள் நினைத்தாள். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் அப்பா கணக்கில் குறை இருக்கிறது என்று தன் வாயாலேயே சொன்னதாகிவிடும், அந்த வெட்கம்.

மழை பெய்து காய்ந்து இறுகிய செம்மண். நடுவில் பாறை. உள்ளங்கை கொப்புளித்து, உடைந்து, மறுபடி கொப்புளித்தது. ஒப்துலியா பன்றிக்கொழுப்புத் தடவித் துணி கட்டிவிட்டாள். மற்ற பிள்ளைகள் பங்கை முடித்துவிட்டு மரத்தடியில் காப்பி குடிக்கும்போது செனைடா பள்ளத்துக்குள் தலைகூடத் தெரியாமல் நின்று வெட்டிக்கொண்டிருந்தாள். முடித்துவிட்டு மேலே ஏறி வந்தபோது ருத்திலியோவே கை கொடுத்துத் தூக்கினான். டீச்சர் கைதட்டினாள். தண்ணீர் வந்தது.

அப்பாவுக்குப் போன் போட்டாள். "அப்பா, உன் பங்கை நான் வெட்டிட்டேன். நீ தைரியமா வரலாம்."

மறுமுனையில் ஃபிலெமோன், "கை வலிக்குதா புள்ள?" என்றான். அவ்வளவுதான் கேட்டான்.

அடுத்த மாதம் ஃபிலெமோன் கூரையிலிருந்து விழுந்தான். அங்கே இருந்த ஊர்க்காரர்கள் சேர்ந்து உடலை அனுப்பினார்கள். சாம்பல் நிறப் பெட்டி ஒன்று லாரியில் மலை ஏறி வந்தது. பெட்டியை வீட்டுக்குள் வைத்தார்கள், மெழுகுவத்தி ஏற்றினார்கள், பெண்கள் ஜெபமாலை சொன்னார்கள். ஆனால் கோவில் மணி அடிக்கவில்லை.

மணி அடித்தால்தான் குழி வெட்ட ஊர் வரும், பாண்டு வரும். தன் அப்பன் பக்கத்தில் ஃபிலெமோனுக்கு இடம் கிடைக்கும். இல்லாவிட்டால் சுவருக்கு வெளியே, வழிப்போக்கர்களைப் புதைக்கிற மேடு. பாக்கி வைத்த வீட்டுக்கு மணி அடிக்கலாமா என்று பேச அன்று சாயங்காலமே கூட்டம் கூடியது.

ஊர்த்தலைவர் தோன் அபுந்தியோ கெட்ட மனுஷர் இல்லை. ஒன்றுமில்லாமல் தொடங்கிக் காப்பித் தோட்டம் வாங்கியவர். முறை என்றால் முறை. செனைடா வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"மாமா, எங்க பங்கு வெட்டியாச்சே. எல்லாரும் பார்த்தீங்களே!"

"பார்த்தோம் தாயி. நல்லா வெட்டின. இந்த ஊர்ல பாதி ஆம்பளைங்க அப்படி வெட்ட மாட்டானுங்க." யாரோ செருமினார்கள். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "ஆனா அன்னைக்கு உன்னைக் கூப்பிட்டது யாரு? பள்ளிக்கூடம். அடிச்சதும் பள்ளிக்கூட மணி. அந்த வேலை பள்ளிக்கூடம் ஊருக்குக் குடுத்தது. உங்க வீடு குடுத்தது ஆகாது."

"கை எங்க வீட்டுக் கைதானே மாமா?"

மரிசெலா டீச்சர் பின்னாலிருந்து எழுந்தாள். "இது அநியாயம்! அந்தக் குழந்தை..."

"டீச்சரம்மா, உக்காருங்க" என்றார் தோன் அபுந்தியோ, மரியாதையாகத்தான். "நீங்க வருஷ முடிவுல மாத்தல் வாங்கிப் போயிடுவீங்க. நாங்க இங்கயேதான் ஒருத்தர் பக்கத்துல ஒருத்தர் கெடக்கணும், செத்தும்."

டீச்சர் உட்கார்ந்தாள். செனைடா கூட்டத்துக்கு நடுவில் வந்தாள். குரல் பிசிறவில்லை.

"அப்பா வைச்ச பாக்கி எல்லாத்தையும் நான் செய்யறேன். மணி அடிக்கிற அன்னைக்கெல்லாம் வரேன். ஊர்ச் சேவகம் ஒரு வருஷம் எங்க வீட்டுக்கு வரவேண்டியிருக்கே, அந்தக் கோலையும் நானே வாங்கறேன். இப்ப மணி அடிங்க."

ஊர்ச் சேவகம் என்றால் ஊர்மன்றத்து வாசலில் கோலோடு நிற்பது, வீடு வீடாகச் சேதி சொல்வது, குடித்துச் சண்டை போடுகிறவனை இழுத்து வந்து அடைப்பது. பகலெல்லாம் இருக்கவேண்டிய வேலை.

"அப்ப படிப்பு?" என்றார் தலைவர்.

அவள் மரிசெலா டீச்சரைப் பார்க்கவில்லை. "அப்பா வீட்டுல காத்துக்கிட்டு இருக்காரு மாமா" என்றாள்.

மணி அடித்தது. விடிவதற்குள் குழி தயார். பாண்டு வாசித்தது, சாவு ஊர்வலத்துக்கு வாசிக்கிற அதே மெதுவான இசை, ஒருவர்கூடக் குறையாமல். ஃபிலெமோனை அவன் அப்பனுக்குப் பக்கத்திலேயே வைத்தார்கள். அப்படி ஒரு அடக்கம் பெரிய பணக்காரனுக்கும் பட்டணத்தில் நடக்காது, இதை எங்கே வேண்டுமானாலும் சொல்லலாம். ஆனால் குழி மூடியதும் ருத்திலியோவின் அப்பா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அந்தப் பெண்ணைப் பார்த்தார், பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மற்றவர்களும் அப்படித்தான் திருப்பிக்கொண்டார்கள்.

ஜனவரியில் அவள் கோலை வாங்கினாள். பள்ளிக்கூடத்தில் ப்ராஜெக்ட் விழா நடந்த அன்று பள்ளத்தின் படத்தைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். மரிசெலா டீச்சர் அவளைத் தேடி ஊர்மன்றத்துக்கே வந்தாள்.

"ஒரு மணி நேரம் வந்துட்டுப் போயேன் செனைடா. எல்லாரும் பேசறாங்க, நீயும் வந்து பேசு."

"வாசலை விட்டு நகரக்கூடாது டீச்சர்."

"உனக்குக் கோபமா?"

"யார் மேல?" என்றாள். உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டாள். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

அன்று சாயங்காலம் செனைடா மறுநாள் தெக்கியோவுக்குச் சேதி சொல்லக் கிளம்பினாள். வீட்டு வாசலில் நின்று வீட்டுக்காரன் பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும், உள்ளேயிருந்து பதில் வந்த பிறகுதான் நகரவேண்டும். எந்த வீட்டையும் விடக்கூடாது. கீழ்த்தெருவில் ருத்திலியோ வீடு. அவன் விழாச் சட்டையோடு கதவைத் திறந்தான், "இருக்காங்க" என்று மட்டும் சொன்னான். அடுத்தது அவள் வீடு. அடுப்புப் புகை கூரை இடுக்கு வழியாக வந்துகொண்டிருந்தது. அவள் கோலைத் தரையில் தட்டினாள்.

"ஃபிலெமோன் வீடு! நாளைக்கு ஊர் வேலை. ஆள் இருக்கா?"

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. ஒப்துலியாவின் பதிலுக்கு அவள் வெகுநேரம் நிற்க வேண்டியிருந்தது.

"இருக்கு" என்றாள் அம்மா.

செனைடா அடுத்த வாசலுக்கு நடந்தாள்.