புஸ் அண்ணனும் மாறிப்போன தகடும்

எங்கள் யார்டில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாருமில்லை. லாரிக்காரரில் தொடங்கி சூப்பர்வைசர் வரை எல்லோருக்கும் அவர் "புஸ்" தான். நான் மட்டும் பின்னால் ஒரு அண்ணனைச் சேர்த்துக்கொள்வேன். அவருக்குக் கோபம் வராது. அந்தப் பெயர் எப்படி வந்தது என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார்.

முப்பது வருஷம் பிரிட்ஜ் மெக்கானிக்காகக் கடையில் வேலை பார்த்தவர். பழைய பிரிட்ஜ் ரிப்பேருக்கு வந்தால் முதலில் அதிலிருக்கிற காஸை வெளியேற்ற வேண்டும். அந்தக் காலத்தில் அதற்கு மெஷின் கிடையாது. கட்டிங் பிளேயரால் குழாயை ஒரு நறுக்கு நறுக்குவார். புஸ்ஸென்று போய்விடும்.

"அது என்னன்னு அப்போ யாருக்குத் தெரியும் தங்கச்சி? வாசனை இல்ல, நிறம் இல்ல. காத்துன்னே நினைச்சோம். மேஜைத் தூசியைக்கூட அதை அடிச்சுத்தான் தட்டுவோம். ஒருநாள் குனிஞ்சிருந்த முதலாளி முதுகுல அடிச்சிட்டேன். மனுஷன் ஐஸ் கட்டி விழுந்த மாதிரி குதிச்சாரு."

சிரித்து முடித்ததும் முகம் மாறிவிடும். ஐம்பது வயதுக்கு மேல் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போனாராம். அங்கே திரையில் படம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். பழைய பிரிட்ஜில் இருக்கிற காஸ் மேலே போய், வெயிலின் கடுமையைத் தடுக்கிற ஓசோனைத் தின்றுவிடுகிறது. அதோடு பூமியையும் சூடாக்குகிறது. அதில் ஒரு கிலோ, பத்து டன் கரிப்புகைக்கு மேல் சமம் என்று சொன்னார்களாம். அண்ணன் அன்றைக்கு மதியம் சாப்பாட்டைத் தொடவில்லை. தன் கையால் எத்தனை கிலோ போயிருக்கும் என்று மனசுக்குள் கூட்டிப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டாராம். மறு மாதமே கடையை விட்டு எங்கள் யார்டுக்கு வந்துவிட்டார்.

யார்டில் செய்வது இதுதான். ஓய்ந்துபோன பிரிட்ஜும் ஏசியும் லாரியில் வந்து இறங்கும். மெக்கானிக் மெஷினை மாட்டி, உள்ளே மிச்சமிருக்கிற காஸை இழுத்து சிலிண்டரில் அடைப்பார். பழைய பிரிட்ஜ் காஸுக்கு "பன்னெண்டு" என்று பெயர். அதை வெகுதூரத்திலுள்ள ஒரு உலைக்கு அனுப்பி எரித்து அழித்துவிடுவார்கள். ஏசி காஸ் "இருபத்திரெண்டு". அது சுத்தம் செய்யப்பட்டு வேறு ஏசிக்குப் போகும். எரித்த பன்னெண்டுக்கு கார்பன் கிரெடிட் என்று ஒரு காகிதம் கிடைக்கும். எங்கேயோ புகை விடுகிற கம்பெனிகள் அந்தக் காகிதத்தை வாங்கி, தாங்கள் விட்ட புகைக்கு ஈடாகக் காட்டிக்கொள்ளும்.

சூப்பர்வைசர் எங்களை உட்காரவைத்து இதை விளக்கியபோது, அண்ணன் கையைத் தூக்கினார்.

"சார், அவங்க பாவம் பண்ணுவாங்க, நாம பரிகாரம் பண்ணணும். அப்படித்தானே?"

"அப்படியும் வச்சுக்கலாம்."

"சரி, நல்லா இருக்கட்டும். எனக்குக் காகிதம் வேண்டாம் சார். நான் விட்டதுல கொஞ்சமாவது திரும்பப் பிடிச்சாப் போதும்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடவுளிடம் அப்படித்தானே நாமும் கேட்கிறோம் என்று தோன்றியது.

என் வேலை எடை போடுவதும் தகடு கட்டுவதும். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். எங்கள் குடும்பத்தில் மேஜை போட்டு உட்கார்ந்து எழுதுகிற வேலை பார்த்த முதல் ஆள் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு, மறைக்கவில்லை. சிலிண்டர்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்: சாம்பல் உடம்பு, மஞ்சள் கழுத்து. உள்ளே என்ன இருக்கிறது என்பதைச் சொல்வது, கழுத்தில் நான் கம்பியால் கட்டுகிற அலுமினியத் தகடுதான். மெக்கானிக் சிலிண்டரைத் தராசில் வைத்து இன்ன காஸ் என்று சொல்வார். நான் எடையைப் பார்த்து, தகட்டில் இரண்டையும் எழுதி, சிலிண்டர் தராசில் இருக்கும்போதே கட்டிவிட வேண்டும். இறக்கி வைத்துவிட்டுக் கட்டக்கூடாது. அது விதி.

அன்றைக்கு அண்ணன் இரண்டு சிலிண்டர் கொண்டுவந்தார். ஒன்று பன்னெண்டு, ஒன்று இருபத்திரெண்டு. பழைய பிரிட்ஜ் ஒன்றில் கையளவு காஸ்தான் கிடைக்கும். அந்த ஒரு சிலிண்டர் பன்னெண்டு சேர எழுபது பிரிட்ஜுக்கு மேல் ஆகியிருந்தது. இரண்டையும் எடை போட்டேன், தகடுகளை எழுதினேன். அதற்குள் நான் தினமும் மதியம் பிரார்த்தனை செய்கிற நேரம் வந்துவிட்டது. ஐந்து நிமிஷம், பின்பக்க ஸ்டோரில். ஒருநாளும் தவறியதில்லை என்பதும் என் பெருமைகளில் ஒன்று. சிலிண்டர்களைக் கீழே உருட்டி வைத்துவிட்டுப் போனேன். எடை வேறுபடும், வந்து மறுபடி வைத்துப் பார்த்தால் எது எது என்று தெரிந்துவிடும் என்று நினைத்தேன்.

வந்து வைத்துப் பார்த்தேன். இரண்டும் இருபத்து மூன்று கிலோ நானூறு. கிராம் கூட மாறவில்லை. முதலில் எழுதும்போது அதை நான் கவனிக்கவேயில்லை. மனம் பிரார்த்தனைக்குப் போய்விட்டிருந்தது. அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். விதியை மீறினேன் என்று தெரிந்துவிடுமே என்ற கூச்சம். இடது பக்கம் வைத்தது பன்னெண்டுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கட்டிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து உலையிலிருந்து கடிதம் வந்தது. பன்னெண்டு என்று தகடு கட்டிய சிலிண்டர் ஒன்றில் முழுக்க இருபத்திரெண்டு இருக்கிறதாம். ஒரு தகடு பொய்யானால் அந்த லோடு முழுவதற்கும் காகிதம் கிடைக்காது. எல்லாவற்றையும் நிறுத்திவைத்துவிட்டார்கள். கடிதத்திலிருந்த தகட்டு எண்ணைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது, நான் கீழே இறக்கிவைத்துக் கட்டியது அது.

சூப்பர்வைசர் அண்ணனைத் தராசுப் பக்கம் கூப்பிட்டார். நான் மேஜையிலேயே இருந்தேன்.

"உண்மையைச் சொல்லுங்க. பழைய கார் வச்சிருக்கிறவங்க ஏசிக்குப் பன்னெண்டு கேட்டு அலையறாங்கன்னு எனக்குத் தெரியும். அதை வெளியில வித்துட்டு இருபத்திரெண்டை அடைச்சீங்களா?"

"இல்ல சார்."

"அப்புறம் எப்படி வந்துச்சு? தகடு மாறிச்சா?"

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். "தங்கச்சி கட்டினா மாறாது சார். எடையும் சரியா இருக்கே." பிறகு தன் உள்ளங்கையைப் பார்த்தார். "நான்தான் குழாயை மாத்தி மாட்டியிருப்பேன் போல. வயசாகுது."

நான் தலை குனிந்து பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே சீவின பென்சில்.

மெஷினை அவரிடமிருந்து வாங்கிவிட்டார்கள். பெரிய ஆபீஸிலிருந்து பதில் வரும்வரை பிரிட்ஜ் கதவுகளைக் கழற்றுகிற கொட்டகையில் போட்டார்கள். லாரிக்காரர் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், "என்ன புஸ்ஸு, வியாபாரம் எப்படி?" என்று கேட்டுவிட்டுப் போனார். அண்ணன் ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டிருந்தார். தினமும் மதியம் நான் ஸ்டோருக்குப் போனேன். கண்ணை மூடினால் இரண்டு சிலிண்டர்தான் தெரிந்தது. ஒரு வார்த்தை வரவில்லை. கடவுளுக்கு முன்னால் நின்றேன் என்று சொல்லமுடியாது, ஒளிந்துகொண்டிருந்தேன்.

பத்தாவது நாள் அண்ணனின் மனைவி வந்தார். மறந்துவிட்டுப்போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க வந்தவர், கொட்டகைக்குப் போகாமல் நேரே என் மேஜைக்கு வந்தார்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்மா. இவருக்கு ஏதோ ஆயிடுச்சு. அடுப்பை அணைச்சோமான்னு நாலு தடவை போய்ப் பாக்குறாரு. நேத்து உப்பு டப்பாவையும் சர்க்கரை டப்பாவையும் எதிர்ல வச்சுக்கிட்டு, கண்ணை மூடி மாத்தி மாத்தி வச்சு, எது எதுன்னு தனக்குத்தானே பரீட்சை வச்சுக்குறாரு. என்னய்யா இது, இந்த வயசுல பள்ளிக்கூடமான்னு கேட்டேன். என் கை என்னை ஏமாத்துதுடின்னு சொல்றாரு."

"அப்படியெல்லாம் இருக்காது அண்ணி."

"கூட வேலை பாக்குற, உனக்குத் தெரியாதா? அவரு அப்படி மாத்தி அடைப்பாரா?"

"மாட்டார் அண்ணி."

அவ்வளவுதான் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்து, "நீ கும்பிடுற சாமிகிட்ட இவருக்காகவும் ஒரு வார்த்தை சொல்லும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் கேட் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். அந்த நாற்காலி அப்படிப் பிடித்து வைத்திருந்தது.

மறுநாள் காலையில் லாரிக்காரர் இருபத்திரெண்டு காஸ் சிலிண்டர்களை ஏற்றிக்கொண்டிருந்தார். அதில் ஏழாவதாக அது நின்றது. நான் இருபத்திரெண்டு என்று கட்டிய தகடு, உள்ளே எழுபது பிரிட்ஜின் பன்னெண்டு. அது போய்விட்டால் வேறு காஸோடு கலந்து, யார் வீட்டு ஏசியிலோ ஏறி, ஒழுகி மேலே போய்விடும். அண்ணன் அதை வெளியில் விற்கவில்லை என்று காட்ட உலகத்தில் வேறு எதுவும் இருக்காது. லாரிக்காரர் அதன் கழுத்தில் கை வைத்தார்.

"அதை ஏத்தாதீங்க" என்றேன்.

"ஏன், இதுக்கு நல்ல நேரம் பாக்கணுமா?"

"சூப்பர்வைசரைக் கூப்பிடுங்க. புஸ் அண்ணனையும். பிரஷர் பாக்குற மீட்டரை எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

இருவரும் வந்தார்கள். அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் சொன்னபடி மீட்டரை மாட்டி வால்வைத் திறந்தார். அந்த வெயிலில் இருபத்திரெண்டாக இருந்தால் முள் நூற்றைம்பதைத் தாண்ட வேண்டும். அது நூறைக்கூடத் தொடவில்லை. தட்டிப் பார்த்தார். அசையவில்லை.

"இது பன்னெண்டு" என்றார் மெதுவாக.

"நான்தான் மாத்திக் கட்டினேன். கீழே இறக்கி வச்சிட்டுக் கட்டினேன். கடிதம் வந்த அன்னைக்கே எனக்குத் தெரியும்."

சூப்பர்வைசர் என்னென்னவோ சொன்னார். எல்லாம் நியாயமான பேச்சு. என் காதில் பாதிதான் விழுந்தது. அண்ணன் மீட்டரைக் கழற்றிக் குழாயைச் சுருட்டினார். சுருட்டி முடித்த பிறகுதான் நிமிர்ந்தார்.

"எத்தனை நாளாச்சும்மா?"

"பதினோரு நாள் அண்ணே."

"பதினோரு நாளா நான் விடிஞ்சதும் என் கையைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். முன்னாடி இது செஞ்சதெல்லாம் தப்பு, இப்போதான் ஒழுங்கா ஒண்ணு செய்யுதுன்னு நினைச்சேன். அதுவும் போச்சுன்னு நினைச்சேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் மெஷின் அறைக்குப் போய்விட்டார்.

என்னை ஒரு மாதம் கதவுக் கொட்டகைக்கு அனுப்பினார்கள். வேலையை விட்டு எடுக்காதது சூப்பர்வைசரின் பெருந்தன்மை. அன்று சாயங்காலமே அண்ணியின் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் உட்காரச் சொல்லவில்லை. கதவைப் பிடித்தபடியே முழுவதும் கேட்டுவிட்டு, "நேத்து உன் கையைப் பிடிச்சேனே" என்று மட்டும் சொன்னார். தகட்டைத் திருத்தி, நடந்ததை எழுதி உலைக்கு அனுப்பினார்கள். கொஞ்ச நாளில் அந்த லோடுக்குக் காகிதம் வந்துவிட்டது. அண்ணனின் பன்னெண்டும் அடுத்த லோடில் போய் எரிந்தது.

இப்போது நான் மறுபடியும் தராசில் இருக்கிறேன். கம்பியை முறுக்கி முடித்த பிறகுதான் மதியப் பிரார்த்தனைக்கு எழுந்து போகிறேன். அண்ணன் பழையபடி "தங்கச்சி" என்றுதான் கூப்பிடுகிறார், பழையபடி முதலாளி முதுகுக் கதையைச் சொல்கிறார். ஆனால் சிலிண்டர் நிறைந்ததும் வால்வை மூடிவிட்டு நாலடி நடக்கிறார், நிற்கிறார், திரும்பி வந்து வால்வை இன்னொருமுறை திருகிப் பார்க்கிறார். பிறகு சிலிண்டரில் மாட்டிய குழாயைத் தொட்டு, மெஷின் வரை விரலால் தடவிக்கொண்டே போய்ச் சரிபார்க்கிறார். முப்பது வருஷப் பழக்கமுள்ள கைக்கு அது தேவையில்லை. அந்தச் சந்தேகத்தை அவருக்குக் கொடுத்தது நான். அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள எனக்கு வழி தெரியவில்லை.