காலித் தட்டு

ஈஸ்வரியக்கா, இன்றைக்கு மதியமும் மனுவேல் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவிட்டு என்னைப் பார்த்து, "செர்வீது?" என்று கேட்டார். சாப்பிட வர்றியா என்று அர்த்தம். எனக்கு உடனே உன் ஞாபகம் வந்துவிட்டது. நீ இருந்திருந்தால் போனுக்குள்ளிருந்தே அதட்டியிருப்பாய். "ஏலே, பெரிய மனுசன் கூப்பிடுறாகள்ல, போயி ஒரு வாய் வாங்கிக்கடா." நீ போய் ஒரு வருசம் ஆகப்போகிறது. மதியச் சாப்பாட்டு நேரம் வந்தால் கை இன்னும் போனைத் தேடுகிறது.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் எட்டாவதோடு நின்றவன். எழுதிப் பழக்கமில்லை. போர்ச்சுகல் நாட்டின் தெற்கே, கடலுக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் ராஸ்பெரி என்கிற பழம் பறிக்கிறேன். அதற்கு முன்னால் எங்கள் ஊர் கம்பத்தில் திராட்சைத் தோட்டத்தில் வேலை. அங்கே கொடி பந்தலில் கிடக்கும், நாள் முழுக்க அண்ணாந்தே நிற்கவேண்டும். இங்கே செடி நெஞ்சு உயரத்தில் நிற்கிறது. கழுத்து வலி போய் இடுப்பு வலி வந்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

வந்த முதல் வாரம். மனுவேல் எங்கள் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறவர், அறுபது வயதுக்காரர். மரப்பெட்டி மேல் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார். உருளைக்கிழங்கும் கீரையும் போட்ட சூப், ஒரு துண்டு ரொட்டி. நான் அந்தப் பக்கமாகப் போனேன். டப்பாவை லேசாக என் பக்கம் நீட்டி, "செர்வீது?" என்றார். எனக்கு மொழி தெரியாது. ஆனால் சோற்றுக்குக் கூப்பிடுகிற கை எந்த ஊரிலும் ஒரே மாதிரிதானே. பக்கத்தில் உட்கார்ந்தேன். ரொட்டியைப் பிய்த்து அவர் சூப்பில் தொட்டுத் தின்றேன். நல்லாயிருக்கிறது என்று தலையாட்டி இன்னொரு துண்டும் பிய்த்தேன். மனுவேல் கரண்டியைத் தூக்கியபடி அப்படியே இருந்தார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

என்னோடு அறையில் தங்கியிருக்கிற பஞ்சாப்காரன் குர்பிரீத் சாயந்தரம்தான் விளக்கினான். இங்கே சாப்பிடும்போது யாராவது எதிரே வந்தால் அப்படிக் கேட்பது ஒரு மரியாதை. கேட்கப்பட்டவர், "ஒப்ரிகாது" என்று நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். யாரும் உட்கார்ந்து தின்ன மாட்டார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. உடனே அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது எனக்கே கேட்டது.

"கூப்பிட்டாகன்னு ஒக்காந்த, அதுல என்னடா தப்பு? திங்கக் கூடாதுன்னா என்னத்துக்குக் கூப்பிடுறாக?"

"அது சும்மா கேக்குறதாம்க்கா."

"சோத்துக்குச் சும்மா கூப்பிடுவாகளா யாராச்சும்? சரி, அந்தாளு சூப்ப நீ குடிச்சிட்ட. நாளைக்கு நீ கொழம்பு கொண்டு போ. ஈடாயிரும்."

அக்கா அப்படித்தான் சொல்வாள். அவள் ஜீப்புக்காரி. கம்பத்திலிருந்து விடியும் முன்னே ஜீப் ஏறி, மலைக்கு மேலே கேரளாவில் ஏலக்காய்த் தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிற பெண்களில் ஒருத்தி. அந்த ஜீப்பில் ஒரு பழக்கம் உண்டு. மதியம் எல்லாரும் மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து தூக்குவாளிகளைத் திறப்பார்கள். யாரும் தன் குழம்பைத் தான் மட்டும் ஊற்றிச் சாப்பிடக் கூடாது. ஒவ்வொருத்தியும் மற்றவள் சோற்றில் ஒரு கரண்டி ஊற்றுவாள். வேண்டாம் என்று கையை மறித்தால் ஒரு வாரத்துக்குப் பேச்சு கிடையாது. வேண்டாம் என்று வாயால் சொல்லலாம். ஆனால் தட்டை நகர்த்தக் கூடாது. அக்காவோடு லீவு நாளில் நான் மலைக்குப் போயிருக்கிறேன். ஒரே சோற்றில் ஆறு வீட்டுக் குழம்பு. புளி ஒரு ஓரம், தேங்காய் ஒரு ஓரம்.

அக்கா பேச்சைக் கேட்டு, ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த கருவாட்டில் குழம்பு வைத்து மறுநாள் கொண்டுபோனேன். மனுவேலிடம் நீட்டினேன். அவர் நெஞ்சில் கை வைத்து, "ஒப்ரிகாது, ஒப்ரிகாது" என்றார். கூச்சப்படுகிறார் போல என்று நினைத்து அவர் உருளைக்கிழங்கு மேல் இரண்டு கரண்டி ஊற்றிவிட்டேன். ஜீப்புப் பழக்கம். பாவம், அந்த மனுசன் தின்றார். கண்ணில் தண்ணீர், மூக்கில் தண்ணீர், முகமெல்லாம் சிவந்துபோனது. மிச்சம் வைக்காமல் தின்றார். அடுத்த திங்கள்கிழமை வரும்போது டப்பாவோடு எனக்கும் சேர்த்து இரண்டு கரண்டி கொண்டுவந்தார். இன்றுவரை இரண்டுதான்.

எங்கள் வீட்டு அடுப்படி எப்படியெல்லாம் மாறியது என்று யோசித்தால் சிரிப்பாக இருக்கிறது. அம்மாவும் ஜீப்பில் போனவள்தான். அவள் சின்ன வயதில் சோளச்சோறும் கம்பங்கூழும்தானாம், நெல்லுச்சோறு என்றால் பண்டிகைக்குத்தானாம். நான் பிறந்தபோது ரேசன் அரிசி வந்து மூன்று வேளையும் சோறாகிவிட்டது. ஆனால் அடுப்பு அதே விறகடுப்புதான், வீட்டுக்குப் பின்னால் தகரத்துக்குக் கீழே. மழை நாளில் ஊதி ஊதி அம்மாவின் கண் எப்போதும் சிவந்தே இருக்கும். நான் எட்டாவது படிக்கும்போது அம்மா இறந்துபோனாள். அதோடு என் பள்ளிக்கூடம் நின்றது. அக்காவின் கைக்குக் கரண்டி வந்தது.

அக்கா காலத்தில் கேஸ் வந்தது. கவர்மெண்டு கொடுத்த மிக்சி வந்தது. முதல் நாள் தேங்காய்ச் சட்னி அரைக்க ஜாரை வைத்தாள். மூடியை அமுக்கிப் பிடிக்கணும் என்று அவளுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. சுவிட்சைப் போட்டதும் சட்னி மோட்டுவளை வரைக்கும் போனது. அந்நேரம் மச்சான் குளித்துவிட்டு வெள்ளை வேட்டியோடு உள்ளே வந்தார்.

"ஏலே மாப்ள, ஒங்கக்கா சட்னிய செவத்துக்கு ஊட்டுறாளா?"

"செவுரு ஒங்கள மாதிரி உப்பு பத்தலைன்னு சொல்லாது, பேசாமத் திங்கும்" என்றாள் அக்கா. தலைமுடியெல்லாம் தேங்காய்.

அதற்கப்புறம் அம்மி கொல்லைப்பக்கம் போய்த் துணி துவைக்கிற கல்லானது. மச்சானுக்குச் சுகர் என்று டாக்டர் சொன்னதும் ராத்திரிக்குச் சப்பாத்தி ஆனது. அக்கா மகள் காவ்யா வளர்ந்ததும் நூடுல்ஸ் வந்தது. மசாலாவை அரைக்கிறவள் பாக்கெட்டை வெட்டுகிறவள் ஆனாள். யாராவது அந்தக் காலத்துச் சாப்பாடு போல வருமா என்று பேசினால் அக்காவுக்குப் பிடிக்காது. "அந்தக் காலத்து அடுப்புல வந்து ஊது, அப்புறம் பேசு" என்பாள். அவளுக்குப் புதுசு எல்லாம் பிடிக்கும்.

இங்கே வந்த முதல் வருசம் நான் ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கிக் கொடுத்தேன். தெருவில் எல்லார் வீட்டு மாவுப் பாத்திரமும் அதற்குள்தான் இருந்தது. ஆனால் கதவில் ஒட்டி வந்த பிளாஸ்டிக் கவரை மட்டும் அவள் எடுக்கவே இல்லை.

"கவரக் கழட்டலையாக்கா?"

"இருக்கட்டும்டா, அழுக்காயிரும்."

"அழுக்காக்கத்தான வாங்குனது?"

"நீ வாங்குனதுடா. நீயே வந்து கழட்டு."

எனக்கு இங்கே தங்குகிறதுக்கான கார்டு இன்னும் வரவில்லை. அது வராமல் ஊருக்குப் போனால் திரும்பி வர முடியாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில்தான் சேர்ந்து சாப்பிட உட்காருவோம். இங்கே மதியம், அங்கே விளக்கு வைக்கிற நேரம். அவள் மிக்சி மேல் போனைச் சாய்த்து வைப்பாள். முதலில் இரண்டு பேரும் தட்டைக் காட்டவேண்டும். அதுதான் சட்டம். கொஞ்சம் பேசிவிட்டுப் போனை வைத்ததும் அவரவர் சாப்பிடவேண்டும்.

இப்போது உண்மையைச் சொல்கிறேன். நான் காட்டிய தட்டு என்னுடையது இல்லை. ஒரு வீட்டில் எட்டுப் பேர், ஒரே அடுப்பு. முறை வரும்போது எனக்கு நிற்கத் தெம்பிருக்காது. முக்கால்வாசி நாள் ரொட்டியும் பாலும்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் குர்பிரீத்தின் ராஜ்மா சோற்றை இரண்டு நிமிசம் கடன் வாங்கிக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அவன் எதுவும் கேட்க மாட்டான்.

அக்கா தன் தட்டைக் காட்டுவாள். ஆவி பறக்கிற சோறு, மொச்சைக் குழம்பு, வறுத்த கருவாடு. "பாத்தியா எம்புட்டுச் சோறுன்னு? மாடு மாதிரி திங்கிறேன்."

"மூஞ்சி சுண்டிப்போயி இருக்கேக்கா."

"போனு அப்பிடிக் காட்டுது. நல்ல போனா வாங்கிக் குடு."

நான் சிரித்தேன். அதற்கு மேல் கேட்கவில்லை. அதைத்தான் இப்போது என்னால் தாங்க முடியவில்லை. கேட்டிருக்கலாம்.

அவள் இறந்த அன்றைக்குத்தான் அவளுக்கு நோய் இருந்ததே எனக்குத் தெரிந்தது. வயிற்றில் கட்டி. ஆறேழு மாசமாக எதுவும் இறங்கவில்லை. காரியமெல்லாம் முடிந்து பத்து நாள் கழித்து மிச்சத்தைக் காவ்யா போனில் சொன்னாள்.

"மாமா, அம்மா அந்தச் சோத்தத் தொட்டதே இல்ல. நீங்க போன வச்சதும் அப்பாவுக்கு எடுத்து வச்சிருவாக. கஞ்சித்தண்ணியே ரெண்டு மடக்குதான்."

"எனக்கு ஏன்டா சொல்லல?"

"சொன்னா நீங்க கெளம்பி வந்துருவீகளாம். வந்தா திரும்பப் போக முடியாதாம். வீரபாண்டி ஆத்தா மேல சத்தியம் வாங்கிட்டாக."

நானும் சொன்னேன். "காவ்யா, நான் காமிச்சதும் என் தட்டு இல்லடா. கூட இருக்குறவன் தட்டு."

"அது அம்மாவுக்குத் தெரியும் மாமா."

"எப்பிடித் தெரியும்?"

"ஒரு நாளும் சோத்துல ஒங்க வெரலு பட்டிருக்காதாம். எந்தம்பி தட்டு கைக்கு வந்தா அடுத்த நிமிசம் பெசஞ்சிருவான், இது எவன் சோறோன்னு சொல்லுவாக. சொல்லிட்டு அழுவாக."

அவளுக்கு என் பொய் தெரிந்திருக்கிறது. எனக்கு அவள் பொய் தெரியவில்லை.

மனுவேலின் "செர்வீது" சும்மா கேட்கிறது என்று நாங்கள் இரண்டு பேரும் எவ்வளவு கேலி செய்திருக்கிறோம். நாங்கள் மட்டும் என்ன செய்தோம்? "சாப்பிட்டியா?" என்று கேட்போம். "சாப்பிட்டேன்" என்போம். சாப்பிடாதவனும் அதைத்தான் சொல்வான். ஊரில் எல்லாரும் அப்படித்தான். அன்பு இல்லாமல் இல்லை. அன்பு இருப்பதால்தான் அப்படிச் சொல்கிறோம். ஆனால் அந்தப் பதிலை நம்பி நான் ஒரு அக்காவைத் தொலைத்தேன்.

இப்போது சட்டத்தை மாற்றிவிட்டேன். காவ்யா பத்தாவது படிக்கிறாள். சமையலை அவளும் மச்சானும் முறை வைத்துச் செய்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது நிறைந்த தட்டைக் காட்டக் கூடாது. சாப்பிட்டு முடித்த தட்டைத்தான் காட்டவேண்டும், சாப்பிடுகிற நேரம் முழுக்கப் போனை வைக்காமல்.

"மொதல்ல நீங்க காட்டுங்க மாமா. ஒங்களுக்கும் அம்மாவுக்கும்தான் களவாணித்தனம் அத்துபடி."

நான் காட்டினேன். என் தட்டுதான், என் விரல் பட்டதுதான். அவள் காட்டினாள். மச்சான் தட்டில் கருவேப்பிலை ஓரமாகக் கிடந்தது. என்ன மச்சான் என்றேன். "ஏன் மாப்ள, இதையுமா திங்கணும்? ஒங்கக்காகூட இம்புட்டு மெரட்டுனதில்லையே" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். அக்கா போன பிறகு நாங்கள் முதல் தடவையாகச் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்கு வருசம். காவ்யா மொச்சையும் கருவாடும் போட்டுக் குழம்பு வைக்கிறாள். நானும் இங்கே அதையே வைக்கப்போகிறேன். மொச்சை கிடைக்காது. இங்கே ஃபாவா என்று ஒரு பெரிய பயறு இருக்கிறது, பார்க்க அதே மாதிரி. கருவாட்டுக்குப் பதில் இவர்கள் உப்புப் போட்டுக் காயவைத்த பக்கல்யாவ் மீன். குழம்பு எங்கள் ஊர் ருசியும் இருக்காது, இந்த ஊர் ருசியும் இருக்காது. பரவாயில்லை, என் ருசியே இப்போது அப்படித்தான் இருக்கிறது. மனுவேலிடம் சொன்னேன். அக்கா பேரைக் கேட்டார். இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். சர்ச்சில் மெழுகுவர்த்தி ஏற்றுவதாகச் சொன்னார். அன்றைக்கு அறைக்கு வருகிறாராம். ரொட்டி மேல் போனைச் சாய்த்து வைப்பேன். காவ்யாவுக்குப் பின்னால் அந்த ஃப்ரிட்ஜ் தெரியும், கவர் எடுக்காமல். அவள் எடுக்கவா என்று கேட்டாள். வேண்டாம், நான் வந்து எடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

இதைப் படிக்கிறவர்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும் சரி, எந்த நாட்டில் இருந்தாலும் சரி. அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்துக் கை கழுவும் முன்னால் எங்கள் ஈஸ்வரியக்காவுக்காக ஒரு நிமிசம் வேண்டிக்கொள்ளுங்கள். பெரிதாக ஒன்றும் கேட்க வேண்டாம். போன இடத்தில் அவளுக்கு நன்றாகப் பசிக்கட்டும், வைத்த சோறு இறங்கட்டும் என்று மட்டும் கேளுங்கள்.