‘செக்டு, ஃபவுண்ட் ஓகே’

1. மெமோ

என் கையெழுத்தால் ஒரு நர்ஸின் வேலை போகப் பார்த்தது. விமானப்படையில் ரேடியோ, ரேடார் பெட்டிகளோடு இருபது வருஷம் குப்பை கொட்டிவிட்டு, சார்ஜென்டாக வெளியே வந்து, ஆஸ்பத்திரி மெஷின்களை சர்வீஸ் செய்யும் சென்னைக் கம்பெனி ஒன்றில் சேர்ந்திருந்தேன். ஆறு மாதம் புரொபேஷன். இது நடந்தது ஐந்தாவது மாதம்.

விமானப்படையில் டிஸ்சார்ஜ் வாங்கி வரும் தம்பிகள் சிலர், “வெளியில வேலை எப்படிண்ணா?” என்று போனில் கேட்கிறார்கள். ரெஸ்யூமே எழுதுவதை யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொடுப்பார்கள். நான் செய்த தப்பை நான்தான் சொல்ல வேண்டும்.

திருத்தணிக்குப் பக்கத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அன்று காலை அதன் ஐ.சி.யூ. வாசலில் சிஸ்டர் கோமளா கையில் ஒரு மெமோவோடு நின்றிருந்தார். பொதட்டூர்பேட்டைக்காரர். வீடு முழுக்கத் தறி. மாதச் சம்பளம் வாங்குகிறவர் அவர் ஒருவர்தான். நோயாளியை ஸ்கேனுக்குக் கொண்டுபோகும்போது மருந்து பம்ப் நின்றுபோனதாகவும், பேட்டரிக்கு சார்ஜ் போடாததே காரணம் என்றும், இது மூன்றாவது முறை என்றும் மெமோவில் இருந்தது. இரண்டு நாளில் விளக்கம் தராவிட்டால் வேலையை விட்டு நீக்கம். பின்னால் ஆதாரமாக மூன்று ஜெராக்ஸ். மூன்றும் நான் எழுதிய சர்வீஸ் ரிப்போர்ட். மூன்றிலும் ஒரே வரி: செக்டு, ஃபவுண்ட் ஓகே.

“இது உங்க கையெழுத்துதானே சார்?” என்றார்.

“ஆமாம்” என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

2. ஸ்பேர் எங்கே?

கொஞ்சம் பின்னால் போகிறேன். கம்பெனியில் முதல் நாள் சர்வீஸ் மேனேஜர் உள்ளே வந்ததும் நான் விறைப்பாக எழுந்து நின்றுவிட்டேன். அவருக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு.

“உக்காருங்க சார், இங்க யாரும் பரேடு எடுக்கல” என்றார். ஆபீஸே சிரித்தது.

அடுத்து நான் கேட்ட கேள்விக்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள். விமானம் நிறுத்தும் ஹேங்கரில் ஒரு பெட்டி கெட்டால் அதைக் கழற்றிவிட்டு நல்ல பெட்டியை மாட்டி விமானத்தை அனுப்புவோம். அந்தப் பழக்கத்தில், “ஸ்பேர் பாக்ஸெல்லாம் எங்க இருக்கு?” என்று கேட்டேன்.

“ஸ்பேரா? இந்தக் கம்பெனியில நீங்கதான் சார் ஸ்பேரு!”

வீடு கே.ஜி.கண்டிகையில் என்பதால் அரக்கோணம், திருத்தணி, திருவள்ளூர் ஆஸ்பத்திரிகளை என் தலையில் கட்டினார்கள். பையில் மல்டிமீட்டர், ஸ்க்ரூடிரைவர் செட், ரிப்போர்ட் புத்தகம். போர் விமானத்தையே பார்த்தவனுக்கு இந்தப் பொம்மை மெஷின் எம்மாத்திரம் என்று ஒரு திமிர் இருந்தது. இருந்தது என்று ஒப்புக்கொள்வதில் இப்போது எனக்கு வெட்கமில்லை.

3. மூன்று முறை

சிரிஞ்ச் பம்ப் என்பது சின்னப் பெட்டி. மருந்து நிரப்பிய சிரிஞ்சை அதில் பொருத்தினால், அளவாக, விடாமல் உடம்புக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும். ரத்த அழுத்தம் விழுந்து கிடக்கும் நோயாளிக்கு அது இரண்டு நிமிஷம் நின்றாலும் ஆபத்து.

முதல் முறை போனபோது கோமளா சொன்னார்: “சார், பேஷண்ட ஸ்கேனுக்கு இட்டுகினு போகும்போது ஆஃப் ஆயிடுது. அலாரம் கூட அடிக்கல.”

பம்பை மேஜை மேல் வைத்தேன். பேட்டரியில் இரண்டு மணி நேரம் ஓட்டினேன். குத்துக்கல் மாதிரி அசையாமல் ஓடியது. ஓகே என்று எழுதிவிட்டு பஸ் ஏறினேன். இரண்டாம் முறையும் அதே புகார், அதே மேஜை, அதே ஓகே. மூன்றாம் முறை எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

“சார்ஜ் போட மறந்திருப்பீங்க சிஸ்டர்.”

“மறக்கல சார். நேத்து ஃபுல்லா சார்ஜ்லதான் இருந்துச்சு. நீங்க ஒரு தபா வந்து பாருங்களேன்.”

நான் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தேன். அந்த மூன்றாம் முறைதான் நோயாளிக்கு அழுத்தம் சட்டென்று இறங்கியிருக்கிறது. கோமளா ஓடிப்போய் வேறு பம்ப் கொண்டுவந்து மாட்டிக் காப்பாற்றியிருக்கிறார். காப்பாற்றியவருக்குத்தான் மெமோ. குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். தள்ளியது மெஷின், குழி பறித்தது நான்.

4. இரும்புப் பட்டி

விமானப்படை ஸ்குவாட்ரனில் ஒரு வழக்கம் உண்டு. பறந்துவிட்டு வரும் பைலட் இறங்கியதும், ஹெல்மெட் கையில் இருக்கும்போதே நாங்கள் சூழ்ந்துகொள்வோம். எந்த உயரத்தில் ஃபால்ட் வந்தது? திரும்பும்போதா, நேராகப் போகும்போதா? எத்தனை செகண்ட்? தானாகச் சரியானதா? அவர் சொல்வதை வரி விடாமல் குறித்துக்கொண்டுதான் பேனலில் கை வைப்போம். தரையில் நிற்கும் விமானம் பொய் சொல்லும், பறந்தவர் சொல்ல மாட்டார் என்பது எங்கள் பாடம்.

ஐ.சி.யூ. வாசலில் கோமளாவை உட்காரச் சொல்லி நோட்டைத் திறந்தேன்.

“எந்த இடத்துல ஆஃப் ஆச்சு சிஸ்டர்?”

“கீழ, ஸ்கேன் ரூமுக்குப் போற சரிவுல சார்.”

“மூணு தடவையும் அங்கதானா?”

“ஆங் சார். லிஃப்ட்ல ஒண்ணும் ஆவாது. சரிவு ஆரம்பிக்கிற எடத்துல ஒரு இரும்புப் பட்டி இருக்குது. அதுல சக்கரம் ஏறி டக்குனு கீழ வுழும். அப்பதான் ஸ்க்ரீன் இருட்டாயிடும். போகும்போது மட்டும்தான் சார். வரும்போது மேட்ல மெதுவா தள்ளிகினு வருவோம், ஒண்ணும் ஆவாது.”

எந்த பைலட்டும் இதைவிடச் சுத்தமாகச் சொன்னதில்லை.

காலி ஸ்ட்ரெச்சர் ஒன்றில் பம்பை மாட்டி, சிரிஞ்சில் தண்ணீர் நிரப்பினோம். கோமளா தள்ளினார், நான் ஸ்க்ரீனைப் பார்த்தபடி கூடவே நடந்தேன். மூன்று முறை ஒன்றும் ஆகவில்லை. நான்காம் முறை பட்டியில் சக்கரம் விழுந்தது, ஸ்க்ரீன் அணைந்தது. பிரித்துப் பார்த்தேன். பேட்டரி கனெக்டரில் ஒரு பின் தளர்ந்திருந்தது. குலுங்கினால் தொடர்பு விட்டுப்போகும். மேஜை மேல் வைத்தால் காலத்துக்கும் ஓடும். அந்தப் பழைய மாடலில் அலாரத்துக்கும் அதே பேட்டரிதான், பிறகு அது எப்படி அடிக்கும்?

அதிர்வில் கனெக்டர் தளர்வது விமானத்தில் நாங்கள் முதலில் சந்தேகப்படும் விஷயம். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன். அங்கிருந்த அதே மாடல் பம்புகளை எல்லாம் திறந்தேன். இன்னும் இரண்டில் அதே பின் ஆடியது.

5. நாலாவது ரிப்போர்ட்

மேனேஜருக்குப் போன் செய்து கனெக்டர் விஷயத்தைச் சொன்னேன்.

“சூப்பர் சார். கனெக்டர் மாத்தியாச்சு, மெஷின் ஓகேன்னு எழுதிட்டு வந்துடுங்க. பழசக் கிளறாதீங்க.”

“பழசை எழுதலன்னா அந்த சிஸ்டருக்கு வேலை போயிடும் சார்.”

“அது ஆஸ்பத்திரி மேட்டர். நீங்க எழுதினா கம்பெனி தப்புன்னு ஆயிடும். உங்க கன்ஃபர்மேஷன் ஃபைல் என் டேபிள்லதான் இருக்குது, ஞாபகம் வெச்சுக்குங்க.”

பயந்தேன். நாற்பது வயதில் ஒன்பது இன்டர்வியூவில் தோற்றுக் கிடைத்த வேலை அது. “பேசாம நிலத்தப் பாத்துகினு இரு” என்று சொல்ல வீட்டில் அண்ணன் தயாராகக் காத்திருந்தார். ஐந்து நிமிஷம் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். ஆனால் ஹேங்கரில் தப்பு செய்தவன் தன் கையாலேயே எழுதிவிட வேண்டும். திட்டு விழும், அன்று விமானம் பறக்காது, அவ்வளவுதான். மறைத்தால் மேலே போகிறவன் திரும்பி வராமல் போகலாம். அந்தப் பழக்கம் எனக்குள் பயத்தைவிடப் பழையது.

எழுதினேன்: “முந்தைய மூன்று ரிப்போர்ட்டுகளும் தவறு. பம்பை நகர்த்திச் சோதிக்கவில்லை. நர்ஸ் கூறிய புகார் மூன்று முறையும் சரி. சார்ஜ் குறைவு காரணம் அல்ல.” கீழே பெயர், கையெழுத்து, தேதி.

ஆஸ்பத்திரி நிர்வாக அதிகாரி அதை இரண்டு முறை படித்தார்.

“இத எழுதிக் குடுத்தா உங்களுக்குப் பிரச்சனை வராதா?”

“வரும் சார்.”

அவர் கோமளாவை வரவழைத்து மெமோவைத் திரும்ப வாங்கி, குறுக்கே கோடு போட்டு ‘ரத்து’ என்று எழுதினார். சொன்னபடி எனக்கும் பிரச்சனை வந்தது. புரொபேஷனை மூன்று மாதம் நீட்டினார்கள், அதற்குப் பிறகுதான் நிரந்தரமானேன்.

தம்பிகளே, வெளி வேலைக்கு வரும்போது கற்ற வேலை உங்கள் கூடவே வரும். அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். மெஷினைத் தினமும் கையாளுகிறவர் தோளில் பதவிப் பட்டை இருக்காது. அவர் ஆயாவாக இருக்கலாம், வார்டு பாயாக இருக்கலாம். பட்டையைப் பார்த்துக் காது கொடுக்கும் பழக்கத்தை விமானப்படை கேட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வாருங்கள்.

அன்று அதிகாரியின் அறையை விட்டு வெளியே வந்ததும் கோமளா நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொல்லவில்லை.

“மூணு தபாவும் இதத்தானே சார் சொன்னேன். அப்ப ஏன் சார் கேக்கல?”

சமாளிக்க வாயில் நாலைந்து பதில்கள் வந்தன. எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு உண்மையைச் சொன்னேன்.

“ஆபீசர் சொல்லியிருந்தா கேட்டிருப்பேன் சிஸ்டர். சொன்னது நீங்க, அதனால கேக்கல.”

“ஆங், அது எனக்கு அப்பவே தெரியும் சார்” என்றார் கோமளா. உள்ளே நோயாளி கூப்பிட்டார், போய்விட்டார்.