குருத்தோலைக்கு ஒரு உத்தரவு

அமெரிக்காவில், எங்கள் சுகர் லேண்ட் ஊர்த் தமிழர் ஜெபக்கூட்டத்தை நடத்துகிறவர்தான் ஆபீஸில் எனக்கு மேனேஜர். வாரம் முழுக்க அங்கே தலையாட்டியது போதாதென்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டு சோபாவிலும் உட்கார்ந்து தலையாட்டுவோம்.

அந்த வாரப் பிரசங்கத்தில் அவர் கையில் சிக்கியவன் ஒரு யூதக் கலகத் தலைவன். இயேசுவுக்கு நூறு வருஷம் கழித்து ரோமாபுரியை எதிர்த்தவன். பெரிய யூத மதகுரு ஒருவரே அவன்தான் மீட்க வந்த மேசியா என்றார். நட்சத்திரத்தின் மகன் என்று கொண்டாடினார்கள். தோற்று, ஊரெல்லாம் பிணக்காடான பிறகு பொய்யின் மகன் என்றார்கள்.

"ஒரு ஃபேக் லீடரை கண்ணை மூடிட்டு ஃபாலோ பண்ணினா என்ன ஆகும் பாருங்க பிரதர்" என்றார். எல்லோரும் உச்சுக்கொட்டினோம். சொல்வது யார் என்று ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

பைபிளைத் தேடுகிற சாக்கில் போனில் அந்தத் தலைவனைத் தேடினேன். பாலைவனக் குகையில் அவன் கடிதங்கள் கிடைத்திருக்கின்றன. அவ்வளவு பெரிய யுத்தத்துக்கு நடுவில், பண்டிகைக்குக் குருத்தோலை அனுப்பு, கழுதை அனுப்பியிருக்கிறேன் என்று உத்தரவு. இன்னொன்றில், சொன்னதைச் செய்யாவிட்டால் காலில் விலங்கு மாட்டுவேன் என்று மிரட்டல். இன்றைக்கு இஸ்ரேலில் அவன் மறுபடியும் வீரன். பிள்ளைகள் அவன் நினைவாக நெருப்பு மூட்டி, வில்லம்பு விளையாடுகிறார்களாம்.

சிரிப்பை அடக்கிக்கொண்டேன். அன்று காலைதான் எனக்கும் வாட்ஸ்அப்பில் மேனேஜரின் உத்தரவு வந்திருந்தது. குருத்தோலை ஞாயிறுக்கு ஐம்பது ஓலை, வாடாமல் வேண்டுமாம். என் வீட்டுப் பின்புறம் இரண்டு பனைசாதி மரங்கள் நிற்கின்றன, அதுதான் நான் செய்த பாவம்.

கூட்டம் முடிந்து செருப்பு மாட்டும்போது அவர் என்னை ஓரமாக அழைத்தார். "மண்டே லேஆஃப். நம்ம டீம் தூத்துக்குடி தம்பியும் லிஸ்ட்ல இருக்கார். மூச்சு விடாதீங்க. உங்க கிரீன் கார்டு வேலையும் என் கையிலதான் இருக்கு."

அந்தக் கலகக்காரனாவது எழுதி மிரட்டினான். கடைசிக் கோட்டையில் தன் ஆட்களோடு செத்தான். இந்த ஆள் ஓலை கேட்பதை மட்டும்தான் எழுதுவார், மிரட்டலை எழுத்தில் வைக்கமாட்டார். நான் அதற்கும் தலையாட்டினேன்.

மறுநாள் ஓலை வெட்ட உதவிக்கு வந்தவர் அதே தூத்துக்குடிக்காரர்தான். ஹெச்-ஒன் விசா, மனைவிக்கு ஏழாவது மாசம். ஏணியில் நின்றபடியே கேட்டார்.

"அண்ணா, டாலஸ்ல ஒரு ஆஃபர் வந்திருக்கு. இன்னிக்குள்ள பதில் சொல்லணும். இங்கயே இருந்துடலாமா?"

ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை போதும். "ஜெபம் பண்ணிப் பாருங்க தம்பி. இங்க என்ன குறைச்சல்?" என்றேன். அன்று ராத்திரியே டாலஸுக்கு வேண்டாம் என்று எழுதிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அவர் வெட்டிய ஓலைகளை ஆட்டி எல்லோரும் ஓசன்னா பாடினோம்.

திங்கட்கிழமை தம்பிக்கு வேலை போனது. அறுபது நாளில் வேறு வேலை, இல்லாவிட்டால் ஊருக்கு. போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அண்ணா, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாது தம்பி." தூ, நானும் ஒரு மனுஷன்.

அந்த வெள்ளிக்கிழமை மேனேஜர் என்னைப் பார்த்து, "தம்பி குடும்பத்துக்காக நீங்க ஜெபம் பண்ணுங்க பிரதர்" என்றார். எழுந்து ஜெபித்தேன். வார்த்தைகள் சரளமாக வந்தன, குரல்கூடத் தழுதழுத்தது. ஆமென் என்று கண்ணைத் திறந்தபோது எதிரில் தம்பியின் மனைவி வயிற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் கண்ணை மூடவே இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.