அக்கா தொடவிடாத கிதார்

எனக்கென்று ஒரு கிதார் செய்யச் சொல்லப் போயிருந்தேன். பட்டறையில் வார்னிஷ் வாசனை. சின்ன வயதில் நாமக்கல்லில் பெரியப்பா வீட்டிலும் இதே வாசனைதான். லாரியில் பம்பாய் போனவர், மகள் கவிதாக்காவுக்குக் கிதார் வாங்கி வந்திருந்தார்.

"தொடாத சாமி, கம்பி அந்துரும்" என்றுவிட்டு அக்கா வாசிப்பாள். நான் எதிரில் உட்கார்ந்து அவள் விரல்களையே பார்ப்பேன். வயிறு எரியும். வீட்டுக்கு வந்து முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அதேபோல விரலை ஓட்டுவேன்.

கிதார் செய்பவர், அளவு பார்க்க ஒன்றை என் மடியில் வைத்தார். பிடித்தேன்.

"ஏனுங்க, இடது கைப் பழக்கமா? மாத்திப் புடிக்கறீங்க."

"இல்லைங்க. எதுத்தாப்பல உக்காந்து பாத்தே பழகிட்டேன்."

"அப்ப எந்தக் கைக்குச் செய்யட்டுங்க?"

"இடது கைக்கே செய்யுங்க. நாளைக்கு எங்கக்கா வந்து எடுத்தா, அவளுக்கு வாசிக்க வரக்கூடாது."